ஆடி மாசத்து ட்ரோன் பாடங்கள்

ஆடி 1, வியாழன்

இது ஆர்டர் டைரி. முகூர்த்த நாள், மண்டபம், மாப்பிள்ளை வீட்டு போன் நம்பர், இதுதான் இதுல இருக்கும். வைகாசி, ஆனிப் பக்கமெல்லாம் இடம் பத்தாம ஓரத்துல கிறுக்கி வெச்சிருக்கேன். ஆடி வந்தா காலி. ஆடியில எவன் கல்யாணம் பண்றான்? தாராபுரத்துல கல்யாண வீடியோ எடுக்கற எல்லாரும் இந்த மாசம் ஈ ஓட்டிக்கிட்டு உக்காந்திருப்போம். எங்க ஊட்டுக்காரர் தங்கராசு கேமரா, நான் எடிட்டிங். பதினஞ்சு வருஷமா இப்படித்தான் ஓடுது. அதனால வருஷா வருஷம் ஆடிப் பக்கம் மட்டும் எனக்கு.

இன்னிக்குத் தேங்காய் சுடற நோம்பி. சுட்டு முடிச்சுக் கை கழுவறதுக்குள்ள வாசல்ல ஸ்கூட்டி சத்தம். எழிலரசி மேடம். பாலிடெக்னிக்குல எலக்ட்ரானிக்ஸ் பாடம் எடுக்கறவங்க. அவங்க கல்யாண வீடியோவை நான்தான் வெட்டிக் குடுத்தேன். "சுகந்திக்கா, ஆடியில உங்களுக்கு வேலை இருக்காது. எனக்கு ஒரு வேலை இருக்கு"ன்னு உக்காந்தாங்க.

விஷயம் இதுதான். உள்ளங்கை அளவுல ட்ரோன் இருக்காம். அதை வளையத்துக்குள்ள நுழைச்சு நுழைச்சு வேகமா ஓட்டறது ஒரு பந்தயமாம். ட்ரோன் மூக்குல குட்டிக் கேமரா, ஓட்டறவங்க கண்ணுல டப்பா மாதிரி ஒரு கண்ணாடி. அது பாக்கறதை நாம பாத்துக்கிட்டே ஓட்டணும். இதைப் பாடமா வைக்கணும்னு மேடம் ஆசைப்படறாங்க. அவங்க காலேஜுக்கு மட்டுமில்ல, இன்னும் மூணு காலேஜுக்குப் போகணும். அங்கெல்லாம் சொல்லித் தர ஆளே கிடையாது. அதனால எட்டு வீடியோ. வீடியோதான் வாத்தியார். ஆடி 29 அன்னிக்கு சென்னையில இருந்து ஒரு அதிகாரி வர்றாரு. வீடியோ பாத்துக் கத்துக்கிட்டவங்க அவர் முன்னால மூணு சுத்து ஓட்டிக் காட்டினா பாடம் நிக்கும். இல்லேன்னா இருக்கற நாலு ட்ரோனையும் அலமாரியில வெச்சுப் பூட்டிருவாங்க.

"எங்க பிரின்சிபால் இதை விளையாட்டுச் சாமான்னுதான் சொல்றாருக்கா. ரெண்டு வருஷமா கேட்டுக் கேட்டு இந்த ஒரு வாய்ப்புத்தான் கெடச்சிருக்கு"ன்னாங்க. எனக்கு மனசு கேக்கல, சரின்னுட்டேன்.

எங்க ஓட்டறது? ஆடிக் காத்துல அம்மியே பறக்கும், உள்ளங்கை ட்ரோன் எந்த மூலைக்கு? எங்க ஊட்டுக்காரர்தான் சொன்னாரு, "அங்காளம்மன் மண்டபம் மாசம் பூரா சும்மாத்தானே கெடக்குது. மேனேஜர் நம்ம ஆளு." சாயங்காலமே சாவி வந்துருச்சு.

ஆடி 3, சனி

முதல் பாடம் எடுத்தோம். மேடையில பூ வளைவு கட்டற இரும்பு வளையம் அஞ்சு, மண்டபத்துல துருப்பிடிச்சுக் கெடந்துச்சு. அதுல கலர் லைட் சுத்தி, அஞ்சு இடத்துல நிறுத்தினா அதுதான் பந்தயப் பாதை. அஞ்சு வளையமும் நுழைஞ்சு வந்தா ஒரு சுத்து.

எங்க ஊட்டுக்காரருக்குக் கல்யாணப் பழக்கம் போகல. "மேடம், கொஞ்சம் சிரிச்ச மாதிரி... கையை அப்படியே வெச்சுக்கங்க... இங்க பாருங்க"ங்கறாரு. அந்தம்மா மோட்டாருக்கு ஸ்குரு முடுக்கறதைக் காட்டறாங்க, இவர் அவங்க கம்மலுக்குக் குளோசப் போறாரு. நான் மட்டும் என்ன யோக்கியம்? ஊட்டுக்கு வந்து வெட்டறப்ப, மேடம் "வணக்கம்"னு சொல்ற இடத்துல கை தன்னால ரோஜா இதழ் கொட்டற எஃபெக்டைப் போட்டுருச்சு. அனுப்பினதும் போன் வந்துச்சு. "அக்கா, பூ வேண்டாம். நாதஸ்வரமும் வேண்டாம்."

இன்னொரு கூத்தும் நடந்துச்சு. கல்யாணத்துக்குப் பெரிய ட்ரோன் பறக்க விடறவர் இவர்தானே. "இதென்ன பிரமாதம், குடுங்க"ன்னு ரிமோட்டை வாங்கினாரு. மேல போச்சு. வழக்கம்போலக் கையை விட்டாரு. பொத்துன்னு விழுந்துச்சு. மறுபடி தூக்கினாரு, மறுபடி விட்டாரு, மறுபடி பொத்து. பெரிய ட்ரோன் நாம கையை எடுத்தா அந்தரத்துல அப்படியே நிக்கும். ரேஸ் ட்ரோன் நிக்காதாம், விநாடிக்கு விநாடி நாமதான் தாங்கணுமாம். வர்ற வழியெல்லாம், "அது மட்டமான சரக்கு"ன்னு திட்டிக்கிட்டே வந்தாரு. நான் மொகத்தைத் திருப்பிக்கிட்டுச் சிரிச்சேன்.

ஆடி 5, திங்கள்

ரெண்டாம் பாடம் முடிஞ்சுது. ரிமோட்டைப் பிடிக்கற விதம், ட்ரோனை மேல தூக்கறது. ரிமோட்டுல ரெண்டு குச்சி. ஒண்ணு ஏத்தி இறக்க, ஒண்ணு முன்ன பின்ன போக. மேடம் ரொம்பத் தெளிவாச் சொல்லியிருந்தாங்க.

ஒரே ஒரு குறை. மேடம், நான் திரை ஓரத்துல போடற பாட எழுத்துக்கு முதுகைக் காட்டி வெளிப்பக்கம் பாத்து உக்காந்துட்டாங்க. நம்ம தொழில்ல அது ஆகாது. ஆல்பமோ வீடியோவோ, ஆளு உள்ள பாத்துத்தான் இருக்கணும், வெளிய பாத்தா பந்தம் பிரியும்பாங்க. வெளிய பாத்த ஷாட்டை எல்லாரும் செய்யற மாதிரி இடம் வலமாத் திருப்பிப் போட்டேன். சேலைன்னா முந்தானை தோள் மாறிக் காட்டிக் குடுத்துரும். மேடம் சுடிதார், ஒருத்தருக்கும் தெரியாது. பாக்க லட்சணமா இருக்கு.

முப்பத்திநாலு பிள்ளைங்க இருக்கற குரூப்புக்கு அனுப்பியாச்சு. கத்திரிக்கா வதக்கிச் சாப்பிட்டுப் படுத்தேன்.

ஆடி 8, வியாழன்

அமாவாசை. மாமனாருக்குப் படையல். வடை நல்லா வந்துச்சு. குரூப்புல பிள்ளைங்க, "சூப்பர் மேடம், புரிஞ்சுது மேடம்"னு போட்டிருக்காங்க. ரெண்டு பேர் "எடிட்டிங் அருமை"ன்னு போட்டிருக்காங்க. அதை எங்க ஊட்டுக்காரர்கிட்டக் காட்டினேன். ரெண்டு தடவை காட்டினேன்.

ஆடி 10, சனி

பிள்ளைங்கள்ல முதல் கூட்டம் மண்டபத்துக்கு வந்துச்சு. பதினோரு பேர். மேடம் ஒவ்வொருத்தரா ரிமோட்டைக் குடுத்து, "வீடியோவுல பாத்தீங்கள்ல, தூக்குங்க"ன்னாங்க.

முதல் பையன் தூக்கினான். ட்ரோன் மேல போகல, தரையோட தரையா முன்னால பாஞ்சு மேடைத் திரையில மோதிச்சு. ரெண்டாவது பொண்ணு, அதே திரை. மூணாவது, அதே திரை. பத்துப் பேரும் ஒருத்தர் விடாம அதே திரை. மேடம் மூஞ்சில ஈ ஆடல.

கடைசியா யாஸ்மின்னு ஒரு பொண்ணு. ரெண்டாம் வருஷம், வாயாடி. அவ எடுத்ததும் ட்ரோன் ஜம்முன்னு மேல ஏறுச்சு. மேடத்துக்கு அப்படி ஒரு சந்தோஷம். "பாத்தீங்களா, யாஸ்மின் ஒருத்திதான் வீடியோவை ஒழுங்காப் பாத்திருக்கா!"

"இல்லைங்க மேடம், எனக்கு நெட் தீந்துருச்சு. நான் பாக்கவே இல்லை. குத்துமதிப்பா இடது குச்சியைத் தள்ளினேன்"ன்னா அவ.

எல்லாரும் சிரிச்சாங்க. நான் மட்டும் நேரா ஊட்டுக்குக் கெளம்பினேன்.

ஆடி 11, ஞாயிறு

தலைவலி. ஒண்ணும் எழுதற மாதிரி இல்லை.

ஆடி 12, திங்கள்

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்குன்னு சொல்லுவாங்க. எனக்கு ரெண்டு நாளே தாங்கல.

சனிக்கிழமை மண்டபத்துல இருந்து வந்ததுமே கம்ப்யூட்டரைத் திறந்து பாத்துட்டேன். நான் திருப்பிப் போட்ட ஷாட்டுல இடது குச்சி வலது பக்கம் வந்து உக்காந்திருக்கு. ஏத்தற குச்சியைத் தள்ளறதா நெனச்சுப் பத்துப் பிள்ளைங்களும் முன்னால போற குச்சியைத் தள்ளியிருக்காங்க. நேத்துப் பூரா, மேடமே கண்டுபிடிச்சா கண்டுபிடிக்கட்டும்னு சும்மா இருந்தேன். வெக்கமா இருக்கு, ஆனா நெசம் அதுதான்.

காலையில காலேஜுக்கே போனேன். லேப்ல தனியா உக்காந்து, திரையில மோதின ட்ரோனுக்கு றெக்கை மாத்திக்கிட்டு இருந்தாங்க. "மேடம், தப்பு பிள்ளைங்க மேல இல்லைங்க. என் மேல"ன்னு எல்லாத்தையும் கொட்டினேன். பந்தம் பிரியும்னு திருப்பினேன்ங்கறதையும் சொன்னேன்.

திட்டுவாங்கன்னு நெனச்சேன். பக்குன்னு சிரிச்சுட்டாங்க. "அக்கா, பத்துப் பேரும் அவங்கவங்க ஊட்டுல தனித்தனியாப் பாத்திருக்காங்க. பத்துப் பேரும் ஒரே தப்பைப் பண்ணியிருக்காங்க. அப்ப வீடியோ சொல்லித் தருது. நாமதான் தப்பாச் சொல்லிக் குடுத்திருக்கோம்."

சிரிப்பு சீக்கிரமே அடங்கிருச்சு. கை ஒரு தடவை தப்பாப் பழகிட்டா மாத்தறது கஷ்டமாம். இனி தினமும் சாயங்காலம் ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் நின்னு, கையைப் பிடிச்சு மாத்தணும்னாங்க. பதினேழு நாள்தான் இருக்கு. அப்பறம் என்கிட்ட, "இனிமே ஒரு வீடியோவையும் நேரா குரூப்புக்கு அனுப்பக் கூடாதுக்கா. ட்ரோனே தெரியாத யாராச்சும் ஒருத்தர் அதைப் பாத்து ஓட்டிப் பாத்துச் சரின்னு சொல்லணும்"ன்னாங்க.

"ட்ரோனே தெரியாதவ நான் ஒருத்தி இருக்கேனுங்களே"ன்னேன். ஒரு ட்ரோனும் ரிமோட்டும் கண்ணாடியும் குடுத்து அனுப்பினாங்க. தப்புப் பண்ணினவதானே சரிபாக்கணும், அதான் வாங்கிக்கிட்டேன்.

ஆடி 13, செவ்வாய்

மத்தியானம் மண்டபத்துல நான் மட்டும். மேடம் காலேஜுல. நாற்காலி மேல போனைச் சாத்தி வெச்சு, திருத்தின ரெண்டாம் பாடத்தை ஓட விட்டேன். கண்ணாடியை மாட்டறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சு. கொண்டை இடிக்குது. கொண்டையை அவுத்து ஜடை போட்டுட்டுத்தான் மாட்ட முடிஞ்சுது. இதைப் பாடத்துல சொல்லவே இல்லை. பொம்பளைப் பிள்ளைங்க படிக்கற பாடம், சொல்ல வேண்டாமா? குறிச்சு வெச்சேன்.

இடது குச்சி, மெதுவா மேல. எழும்பிச்சு. எழும்பினதும் கீழ ஒரு பொம்பளை நாற்காலியில கூனிக்கிட்டு உக்காந்திருக்கறது தெரிஞ்சுது. யார்றா இவன்னு பாத்தா நான்தான். எத்தனை நூறு கல்யாணத்தை வெட்டியிருக்கேன், ஒண்ணுலயும் நான் இருந்ததில்லை. கூனாம நிமிந்து உக்காந்தேன். மேல இருந்து பாக்க நல்லாத்தான் இருந்தேன். அதுக்குள்ள ட்ரோன் விழுந்துருச்சு.

ரெண்டாம் பாடம் சரியா இருக்கு. ஒரு தடவை பாத்தா போதாதுன்னு பதினாறு தடவை சரிபாத்தேன்.

ஆடி 15, வியாழன்

மூணாம் பாடத்தைச் சரிபாத்துட்டு மேடத்துக்குப் போன் போட்டேன். "குச்சியைக் கொஞ்சமா சாய்ங்கன்னு சொல்றீங்க. கொஞ்சம்னா எவ்வளவுங்க? எங்க ஊட்டுக்காரருக்குக் கொஞ்சம் சோறுன்னா ஒரு குண்டான்."

மேடம் யோசிச்சாங்க. "ரசத்துக்குப் பெருங்காயம் போடற அளவு?"

"இப்பச் சொன்னீங்களே, இது பாடம்"ன்னேன். திரும்பப் படம் பிடிச்சோம். மேடம் அதையே கேமராவைப் பாத்துச் சொன்னாங்க. எங்க ஊட்டுக்காரர் கம்மலை விட்டுட்டு விரலுக்குக் குளோசப் போனாரு. மனுஷன் தேறிட்டாரு.

ஆடி 16, வெள்ளி

சரிபாத்தேன். சாம்பாருக்குப் பருப்பு வேக வைக்க மறந்துட்டேன். தயிர்ல தாளிச்சுச் சமாளிச்சாச்சு.

ஆடி 18, ஞாயிறு

பதினெட்டு. ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் வந்துட்டாங்க. அமராவதியில தண்ணி நல்லாப் போகுது. முளைப்பாரி விட்டு, மரத்துல தூரி கட்டி ஆடி, கட்டுச்சோறு தின்னு முடிக்க மூணு மணி. நாத்தனார் தூரியில என்னைப் பிடிச்சுத் தள்ளினப்ப, முன்னால போறப்போ ட்ரோன் தலையை இறக்கணும், பின்னால வர்றப்போ தூக்கணும்னு மனசு கணக்குப் போடுது. நாலாம் பாடம் அது.

மஞ்சள் வாங்கிட்டு வர்றேன்னு சொல்லிட்டு, வழியில மண்டபத்துல இருபது நிமிஷம் சரிபாத்துட்டு வந்தேன். நோம்பி நாள்ல சரிபாக்கணுமான்னு கேட்டா, அதிகாரி வர்றதுக்குப் பதினோரு நாள்தானே இருக்கு. மஞ்சளை மறந்துட்டேன்.

ஆடி 20, செவ்வாய்

சாயங்காலம் பிள்ளைங்க வந்தப்ப எட்டு பேட்டரியும் காலி. மேடம் குழம்பிப் போயிட்டாங்க. "காலையில பூரா சார்ஜ் போட்டு வெச்சேனே?"

"அஞ்சாம் பாடம் கொஞ்சம் சிக்கலுங்க மேடம், நல்லாச் சரிபாக்க வேண்டியிருந்துச்சு"ன்னேன்.

"எட்டு பேட்டரிக்குமா அக்கா?"

எங்க ஊட்டுக்காரர் லென்ஸைத் துடைக்கற மாதிரி திரும்பிக்கிட்டாரு. தோள் குலுங்கிச்சு.

பிள்ளைங்க கை மாறிட்டு வருது. மேடம் ஒவ்வொருத்தர் பின்னாலயும் நின்னு, கை மேல கை வெச்சு, தொண்டை கட்டக் கத்தறாங்க. என் ஒருத்தியோட லட்சணத்தால அந்தம்மா தினம் ஏழு மணி வரைக்கும் நிக்கறாங்க. கருப்பட்டி போட்டுச் சுக்குக் காப்பி வெச்சுக் கொண்டு போறேன், வேற என்ன பண்ண?

ஆடி 22, வியாழன்

ஏழாம் பாடம். ட்ரோன் குப்புற விழுந்தா, போய்க் கையால எடுக்காம ரிமோட்டுலயே பொரட்டி நிமித்தறது. ஒரு பொத்தானை அழுத்தி, குச்சியை ஒரு பக்கமா வெட்டினா கரப்பான் பூச்சி மாதிரி துள்ளித் திரும்பும். இதுக்காக முப்பது தடவை வேணும்னே கவுத்தேன். சரிபாக்கணும்னா கவுக்கணும்ல. முப்பதாவது தடவை ஒரே வெட்டுல நிமிந்துச்சு. மண்டபத்துல யாரும் இல்லைன்னு தைரியத்துல விசிலடிச்சுட்டேன். ஜன்னல்ல வாட்ச்மேன்.

ஆடி 25, ஞாயிறு

எட்டுப் பாடமும் முடிஞ்சு குரூப்புக்குப் போயாச்சு. சரிபாக்கற வேலையும் அதோட முடிஞ்சுது.

யாஸ்மின் மூணு சுத்து: ஒரு நிமிஷம் முப்பத்தஞ்சு. மத்த பிள்ளைங்க ரெண்டு நிமிஷத்துக்கு மேல. ஒரு பேட்டரி நாலு நிமிஷம்தான் வரும், அதுக்குள்ள முடிச்சாப் போதும்.

நான்: மூணு நாப்பது. வீடியோவுல நேரம் எவ்வளவுன்னு எழுத்துப் போடணும்ல, அதுக்குத்தான் குறிச்சேன்.

ஆடி 26, திங்கள்

மூணு இருபத்தெட்டு.

ஆடி 27, செவ்வாய்

மூணு பத்து!

ஆடி 28, புதன்

ஒத்திகை. யாஸ்மினோட சேத்து நாலு பேர் சுத்தமா முடிச்சாங்க. மேடம் மொகத்துல அப்படி ஒரு தெளிச்சி. "நாளைக்குப் பாடம் நிக்கும்க்கா"ன்னு என் கையைப் பிடிச்சாங்க. "நிக்காம எங்க போகும்"னேன். பச்சைச் சேலையைத் தேச்சு வெச்சிருக்கேன். கொண்டை வேண்டாம், ஜடைதான்னு ஏனோ தோணுச்சு.

ஆடி 29, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதறேன்.

பதினோரு மணிக்கு அதிகாரி வந்தாரு. அம்பது வயசு இருக்கும், நரைச்ச மீசை, அதிகம் பேசாத மனுஷன். முன் வரிசை நாற்காலியில உக்காந்து மோர் குடிச்சாரு. ட்ரோன் பாக்கறதை அவர் பாக்க மேடையில பெரிய டி.வி. நாலு பிள்ளைங்களும் ஓட்டினாங்க. யாஸ்மின் ஒண்ணு முப்பதுல முடிச்சதும் அவரே கை தட்டிட்டாரு. பிரின்சிபால் கூடச் சிரிச்சாரு. முடிஞ்சுதுடா சாமின்னு நான் பந்திக்கு இலை எண்ண ஆரம்பிச்சுட்டேன்.

அப்பத்தான் கேட்டாரு. "பிரமாதம்மா. இந்தப் பிள்ளைங்களுக்கு நீங்க பக்கத்துல நின்னு சொல்லிக் குடுத்தீங்களா?"

மேடம் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். "ஆமாங்க சார். ரெண்டு வாரமா தினமும்"ன்னாங்க.

"அப்ப வீடியோ என்ன பண்ணுச்சு? மத்த மூணு காலேஜுலயும் நீங்க போய் நிக்க முடியாதே. வீடியோவை மட்டும் பாத்துக் கத்துக்கிட்டவங்க யாரு?"

மேடம் பிள்ளைங்களைப் பாத்தாங்க. ஒருத்தர் பாக்கியில்லாம எல்லாக் கையையும் மேடம் பிடிச்சாச்சு. எதனால? நான் ஒரு ஷாட்டைத் திருப்பினதால. ஆனா என்னைக் காட்டிக் குடுத்து ஒரு வார்த்தை அந்தம்மா வாயில இருந்து வரல. "யாரும் இல்லைங்க சார்"ன்னு மட்டும் சொன்னாங்க. கண்ணு கலங்கிருச்சு. அவர் ஃபைலை மூடினாரு. கோவமா மூடல, வருத்தமாத்தான் மூடினாரு. அது இன்னும் மோசமா இருந்துச்சு.

எனக்கு வாய் எப்பவும் புத்திக்கு முந்தும். "நான் இருக்கேனுங்க சார்"ன்னுட்டேன்.

"நீங்க யாரும்மா?"

"வீடியோ வெட்டறவ."

மண்டபமே திரும்பிப் பாத்துச்சு. மேடம் பக்கத்துல வந்து காதுல, "அக்கா, நீங்க சரிபாக்க மட்டும்தானே செஞ்சீங்க? மூணு சுத்து..."ன்னு இழுத்தாங்க. பாவம், நான் ஓட்டி ஒரு தடவை கூட அவங்க பாத்ததில்லை. "குடுங்க மேடம்"னு ரிமோட்டை வாங்கி, முந்தானையை இழுத்துச் சொருகி, கண்ணாடியை மாட்டினேன்.

முதல் சுத்து வழுக்கிட்டுப் போச்சு. மண்டபத்துல எந்தச் சத்தமும் எனக்குக் கேக்கல. வளையம், அடுத்த வளையம், அதுக்கடுத்தது. ரெண்டாம் சுத்து, நாலாவது வளையத்துக்குள்ள நுழையறேன், நேர் எதிர்ல ஒரு பெரிய வெள்ளைச் சட்டை. எங்க ஊட்டுக்காரர்! தாலி கட்டறப்ப ஊர்க்காரங்களை மறைச்சுக்கிட்டு முன்னால போய் நிப்பாரே, அதே மாதிரி வளையத்துக்கு முன்னால வந்து நின்னு என்னைப் படம் பிடிச்சுக்கிட்டு இருக்காரு. தொப்பையில மோதி ட்ரோன் குப்புற விழுந்துச்சு. கண்ணாடியில தெரிஞ்சதெல்லாம் அவர் செருப்பு.

ஐயோன்னு மண்டபம் கத்துச்சு. யாரோ எடுத்து விட ஓடி வந்தாங்க. "யாரும் தொடாதீங்க!"ன்னு கத்தினேன். நான் அப்படிக் கத்தி எங்க ஊட்டுக்காரர் கூடக் கேட்டதில்லை. பொத்தானை அழுத்தினேன். ஒரு வெட்டு, நிமிரல. மூலையில பேட்டரி நம்பர் சிவப்பா மின்னுது. ரெண்டாவது வெட்டு. துள்ளி நிமிந்துச்சு. செருப்பைத் தாண்டி, வேட்டியைத் தாண்டி மேல ஏத்திக்கிட்டுப் போனேன்.

மூணாம் சுத்து எப்படிப் போச்சுன்னு சத்தியமாத் தெரியாது. அஞ்சாவது வளையம் தாண்டித் தரையைத் தொட்டதும் பேட்டரி உசுரை விட்டுருச்சு. மூணு நிமிஷம் அம்பத்திரெண்டு. இன்னிக்கு ஓட்டினவங்கள்ல கடைசி. கண்ணாடியைக் கழட்டினா பிள்ளைங்க நாற்காலி மேல ஏறி நின்னு கத்தறாங்க. எங்க ஊட்டுக்காரர் தொப்பையைத் தடவிக்கிட்டே, "எடுத்துட்டேன் சுகந்தி, பூராத்தையும் எடுத்துட்டேன்"ங்கறாரு.

அதிகாரி எந்திரிச்சு வந்தாரு. "குப்புற விழுந்தா இப்படி நிமித்தணும்னு யாரும்மா சொல்லிக் குடுத்தா?"

"ஏழாம் பாடமுங்க சார்."

"மேடம் பக்கத்துல நின்னாங்களா?"

"மேடம் நான் ஓட்டி இன்னிக்குத்தான் பாக்கறாங்க. வேணும்னா அவங்க மொகத்தைப் பாருங்க."

பாத்தாரு. மேடம் வாயைப் பொத்திக்கிட்டு அழுதுக்கிட்டும் சிரிச்சுக்கிட்டும் நின்னாங்க. அவர் ஃபைலைத் திறந்து எழுத ஆரம்பிச்சாரு. மூணு காலேஜுக்கும் வீடியோ அடுத்த மாசமே போகணும்னு பிரின்சிபால்கிட்டச் சொன்னாரு. பிரின்சிபால், "நான் அப்பவே சொன்னேனுங்க சார்"ன்னாரு. எப்பச் சொன்னாரோ.

கடைசியா ஒரு படிவம். பயிற்சி முடிச்சவங்க பேரு, வயசு, எதுக்காகக் கத்துக்கிட்டாங்கன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். பிள்ளைங்க வரிசையா வேலைவாய்ப்பு, வேலைவாய்ப்புன்னு எழுதியிருந்தாங்க. மேடம் எனக்கும் ஒரு வரி காட்டி, "முப்பத்தஞ்சாவது ஆள் நீங்கதான்க்கா"ன்னு பேனாவைக் குடுத்தாங்க. சுகந்தி, முப்பத்தொம்பதுன்னு எழுதினேன். அடுத்த கட்டத்துல "சரிபார்க்க"ன்னு எழுத வந்து, முதல் எழுத்தைப் போட்டதும் கை நின்னுருச்சு. எங்க ஊட்டுக்காரர் தோளுக்குப் பின்னால இருந்து எட்டிப் பாத்துக்கிட்டு இருந்தாரு. போட்ட எழுத்தை அடிச்சுட்டு, பக்கத்துல "ஆசை"ன்னு எழுதினேன்.

அதிகாரி அதைப் படிச்சாரு, என்னைப் பாத்தாரு, கீழ கையெழுத்துப் போட்டாரு.